தடங்கல் வந்தா முதல்ல நோட்டை எடுங்க: ஸ்டாயிக் முறையில ஒரு முழு வழிகாட்டி

ஸ்டாயிக்ங்கறது கிரேக்கத்துல பொறந்து ரோம்ல வளர்ந்த பழைய தத்துவம். அதை வச்சு தடங்கலை நோட்டுல எழுதி சமாளிக்கற முறை இது, போன ஒன்றரை வருஷத்துல ஏழெட்டு பேருக்கு உக்கார வச்சு சொல்லிக் குடுத்திருக்கேன். அதுல முக்காவாசிப் பேர் ஒரே இடத்துல தான் தடுக்கி விழறாங்க. பிரச்சனை வந்த அன்னைக்கே "இதுல எனக்கு என்ன வாய்ப்பு இருக்கு"ன்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. அது கடைசியில வர்ற விஷயம், அதை முன்னாடி இழுத்தா மொத்தமும் கெட்டுப் போகும்.

எனக்கு எப்படித் தெரியும்னா நானே விழுந்திருக்கேன். சேலத்துல ஒரு நூல் கடையில 11 வருஷம் கணக்கு எழுதிட்டிருந்தேன், ஒரு சனிக்கிழமை சம்பளத்தைக் கையில குடுத்து திங்கள்ல இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. மூணாவது நாளே "இது எனக்கு கிடைச்ச சான்ஸ்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒண்ணரை லட்சம் கடன் வாங்கி மாம்பழக் கூழ் போடற தொழில் ஆரம்பிச்சேன். ஜூலை கடைசியில. சீசன் முடிஞ்சு மண்டியில காய் வரத்தே நிக்கற நேரத்துல மாம்பழத் தொழில் ஆரம்பிச்ச ஒரே ஆள் சேலத்துலயே நானாத்தான் இருப்பேன்.

வரலாறெல்லாம் இங்க வேண்டாம். மூணு பேர் மட்டும் இடையில வருவாங்க: அடிமையா இருந்து அப்புறம் வாத்தியாரான எபிக்டெட்டஸ், எழுத்தாளரா அரசியல்வாதியா இருந்த செனகா, 161ல இருந்து 180 வரைக்கும் ரோமை ஆண்ட மார்கஸ் அரேலியஸ். மத்தபடி எல்லாம் நம்ம ஊர் கதை தான்.

0. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன வேணும்

ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா, நாளைக்கு 20 நிமிஷம். மொபைல்ல எழுதறேன்னு சொல்றவங்க கிட்ட நான் வேண்டாம்னு தான் சொல்வேன், ஏன்னா ரெண்டு வரி எழுதறதுக்குள்ள ஒரு மெசேஜ் வந்து நிக்கும், அப்புறம் நோட்டு எங்க நாம எங்க.

முதல் தடவைக்கு சின்ன தடங்கலா எடுங்க. பஸ் தினமும் லேட், மேனேஜர் கடுகடுன்னு பேசறாரு, இந்த சைஸ்ல. பத்து வருஷ சொத்து வழக்கை முதல் நாளே எடுத்து வச்சவர் ஒருத்தர் மூணாம் நாள் நோட்டைத் தூக்கி பரண்ல போட்டுட்டார். ஜிம்முக்கு போன முதல் நாளே 80 கிலோ தூக்கற மாதிரி அது.

இன்னொன்னு முக்கியம். வீட்டுல யாராச்சும் அடிக்கறாங்க, உடம்புக்கு ஆபத்துன்னா நோட்டு எழுதற நேரமில்லை அது, முதல்ல அங்க இருந்து கிளம்புங்க. பல நாளா தூக்கமே இல்லை, சாகலாம் போல தோணுதுன்னா டாக்டரைப் பாருங்க, இல்லேனா 104 சுகாதார உதவி எண்ணுக்கோ டெலி மனாஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416க்கோ போன் போடுங்க. இந்த முறை மருந்துக்கு பதிலா கிடையாது.

1. முதல் அதிர்ச்சியை அது பாட்டுக்கு விடுங்க

விஷயம் கேட்டதும் வயித்தைப் பிசையும், முகம் சிவக்கும், கண்ணுல தண்ணி வரும். விடுங்க. ஸ்டாயிக்னா உணர்ச்சியே இல்லாத கல்லு மாதிரி இருக்கணும்னு நெறைய பேர் நினைக்கறாங்க, கோபம் வந்ததுக்கே தன் மேல கோபப்படறாங்க. செனகாவே கோபத்தைப் பத்தி எழுதறப்ப, அந்த முதல் துடிப்பு நம்ம கையில இல்லைன்னு தெளிவா சொல்லியிருக்கார். மேல பச்சத்தண்ணி பட்டா உடம்பு சிலிர்க்கும்ல, அந்த மாதிரி. அதுக்கப்புறம் "ஆமா, அவன் என்னை அவமானப்படுத்திட்டான், விடக்கூடாது"ன்னு நாம கையெழுத்துப் போடறோம் பாருங்க, அந்த இடம் தான் நம்ம கையில இருக்கு.

அதனால முதல் சில மணி நேரத்துல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: எதையும் முடிவு பண்ணாதீங்க. ராஜினாமா மெயில், ஸ்டேட்டஸ் போடறது, மச்சானுக்கு போன் பண்ணி கத்தறது, கடன் வாங்கறது (என்னைப் பாருங்க) எல்லாம் ஒரு ராத்திரி கழிச்சு. அடுப்புல இருந்து இறக்கின பாத்திரத்தை உடனே கையில தூக்க மாட்டோம்ல.

2. நடந்ததை மட்டும் எழுதுங்க

இந்த ஸ்டெப்பை எல்லாரும் அவசர அவசரமா தாண்டிடறாங்க, என்னைக் கேட்டா பாதி வேலை இங்கயே முடியுது. அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

எங்க அக்கா பையன் அம்மாபேட்டை பக்கம் தள்ளுவண்டியில தட்டுவடை செட் போடறான். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், பச்சை சட்னி, சிவப்பு சட்னி, சாயந்திரம் நாலரைக்கு ஆரம்பிச்சா ஒம்பது மணி வரைக்கும் கை ஓயாது. ஒரு நாள் வண்டிக்கு முன்னாடி ரோட்டைத் தோண்டிட்டாங்க. நோட்டைக் குடுத்து எழுதுடான்னா இப்படி எழுதினான்:

"என் பொழப்பே போச்சு. வேணும்னே என் கடை முன்னாடி வந்து தோண்டியிருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது."

இதுல நடந்தது எதுன்னு பாருங்க. தோண்டினது மட்டும் தான். பொழப்பு போச்சுங்கறது தீர்ப்பு, வேணும்னேங்கறது யூகம், எனக்கு மட்டும்ங்கறது பொய், ஏன்னா அந்த வரிசையில இன்னும் ஆறு கடை இருக்கு. எபிக்டெட்டஸ் இதுக்கு ஒரு எளிய உதாரணம் சொல்றார்: ஒருத்தர் வேகமா குளிக்கிறார்னா "வேகமா குளிக்கிறார்"னு சொல்லு, "மோசமா குளிக்கிறார்"னு சொல்லாத. மார்கஸ் தான் போட்டிருக்கற ராஜா அங்கியையே "சிப்பி ரத்தத்துல முக்கின ஆட்டு ரோமம்"னு எழுதிக்கிட்டவர்.

ரெண்டாவது தடவை பையன் எழுதினது:

"செவ்வாக்கிழமை காலையில பைப் போட ரோட்டைத் தோண்டினாங்க. குழி நாலடி அகலம். வண்டி பக்கத்துல பைக் நிறுத்த இடமில்லை. நேத்து 35 ப்ளேட் போச்சு, சாதாரணமா 120 போகும்."

மூணாவது வரியை நான் பேனாவால வட்டம் போட்டேன். தோண்டின குழி தான் பிரச்சனைன்னு ரெண்டு நாளா புலம்பிட்டிருந்தான், ஆனா நடந்து வர்றவங்க பலகை மேல ஏறி வந்துட்டு தான் இருந்தாங்க. பைக் நிறுத்த இடமில்லாதது தான் அவனோட தடங்கல். குழியை அவன் மூட முடியாது, ஆனா பைக் நிறுத்த இடம் தேடலாம். திட்டிட்டே எழுதின முதல் பக்கத்துல இது தெரியவே இல்லை.

எப்படி சரிபார்க்கறது: நீங்க எழுதினதை உங்களைத் தெரியாத ஒருத்தர், ஒரு பஸ் கண்டக்டர்னு வச்சுக்குங்க, பக்கத்துல நின்னு பார்த்திருந்தா அப்படியே எழுதியிருப்பாரா? அவர் எழுத முடியாத வார்த்தை எல்லாத்தையும் அடிச்சிடுங்க. நாள், நேரம், எண்ணிக்கை, ரூபாய் இருந்தா சேருங்க. "எப்பவுமே", "யாருமே", "வேணும்னே" இந்த மூணும் தொண்ணூறு சதவீதம் அடிபடும்.

3. நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிங்க

இடது பக்கம் என் கையில இல்லாதது, வலது பக்கம் என் கையில இருக்கறது. எபிக்டெட்டஸோட பாடமே இதுல தான் ஆரம்பிக்குது. அவர் கணக்குப்படி நம்ம கையில இருக்கறது நம்ம அபிப்பிராயம், நாம எடுக்கற முயற்சி, எதை விரும்பறோம் எதை வெறுக்கறோம், இவ்வளவு தான். உடம்பு, சொத்து, பேர், பதவி எல்லாம் இடது பக்கம். கால் ஊனமான ஆள் அவர், உடம்பு இடது பக்கம்னு சும்மா சொல்லலை.

இதை ஏன் ரெண்டாவது ஸ்டெப்புக்கு அப்புறம் வைக்கறோம்னா, தீர்ப்பும் யூகமும் கலந்து கிடக்கறதை பிரிக்க முடியாது. அரிசியில கல்லு பொறுக்காம அளந்து பார்க்கற மாதிரி ஆயிடும்.

இங்க வர்ற தப்பு என்னன்னா, ரிசல்ட்டை கொண்டு போய் வலது பக்கம் எழுதறது. "100 ப்ளேட்டுக்கு கொண்டு வரணும்", "இன்டர்வியூல செலக்ட் ஆகணும்", "மாமியார் என்னைப் புரிஞ்சுக்கணும்". இது எதுவும் உங்க கையில இல்லைங்க. வில்லுல அம்பு விடறவன் குறி பார்க்கறது, நாணை இழுக்கறது, விடறது வரைக்கும் தான் அவன் பொறுப்பு, விட்ட அம்பை காத்து திருப்பலாம். அந்தக் காலத்து ஸ்டாயிக் ஆளுங்களே சொன்ன உதாரணம் இது.

அப்ப "பாதி என் கையில இருக்கே"ன்னு கேப்பீங்க. சில பேர் இதுக்குன்னு நடுவுல மூணாவதா ஒரு கட்டம் போடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நான் பார்த்த வரைக்கும் அந்த நடுக்கட்டம் தான் முதல்ல நிரம்புது, எல்லா கவலையும் அங்க போய் சௌகரியமா உக்காந்துக்கும். அதுக்கு பதிலா அந்த வரியை உடைங்க. "இன்டர்வியூல செலக்ட் ஆகணும்"ங்கறதை உடைச்சா: அவங்க எடுக்கற முடிவு இடது, போட்டிக்கு எத்தனை பேர் இடது, நான் மூணு நாள் படிக்கறது வலது, நேரத்துக்கு போறது (முந்தின பஸ்ஸைப் பிடிக்கறது) வலது. உடைக்க உடைக்க நடுவுல ஒண்ணும் மிஞ்சாது.

வலது பக்கம் ஒண்ணுமே வரலைனு நோட்டைத் திருப்பிக் காட்டறவங்களும் உண்டு. ஒருத்தரை இழந்த துக்கம் மாதிரி விஷயத்துல அப்படித்தான் இருக்கும், அப்ப வலது பக்கம் "இன்னைக்கு யார் கிட்ட எப்படி நடந்துக்கறேன்"ங்கறது ஒண்ணு தான், அது போதும்.

4. இது உங்க கிட்ட எந்த குணத்தைக் கேக்குதுன்னு பாருங்க

எது நடந்தாலும் உனக்குள்ள திரும்பி, இதைச் சமாளிக்க என்கிட்ட என்ன திறமை இருக்குன்னு பாரு, வலின்னா தாங்கற சக்தி, திட்டுன்னா பொறுமைன்னு எபிக்டெட்டஸ் சொல்வார். இங்க "வாய்ப்பு"ங்கற வார்த்தையை தப்பா புரிஞ்சுக்காதீங்க. காசு வர்ற வழி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஸ்டாயிக் சொல்ற வாய்ப்பு, நாம இன்னும் பழகாத ஒரு குணத்தைப் பழகிக்கறதுக்கு கிடைச்ச இடம். நாலு தலைப்பு வச்சிருக்காங்க: விவேகம், தைரியம், நியாயம், அடக்கம். தடங்கலுக்கு நேரா இந்த நாலையும் எழுதி ஒண்ணுக்கு மட்டும் டிக் போடுங்க.

எல்லாரும் உடனே டிக் போடறது அடக்கத்துக்கு, அதாவது பொறுமைக்கு. ஏன்னா பொறுமைக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை பாருங்க. பையனும் அதே தான். "பொறுமையா இருக்கேன் மாமா"ன்னு வண்டிக்கு பின்னாடி ஸ்டூலைப் போட்டு ரீல்ஸ் பார்த்துட்டிருந்தான். நான் கேட்டேன், "டேய், பைக் நிறுத்த பக்கத்துல எங்கயுமே இடமில்லையா?" கொஞ்ச நேரம் சட்னி கிண்ணத்தையே பார்த்துட்டிருந்துட்டு சொன்னான், "மளிகைக் கடைக்காரர் வாசல் காலியாத்தான் மாமா இருக்கு. அவர் கிட்ட எப்படி கேக்கறது, போன ஆடியில பாத்திரம் கழுவின தண்ணி அவர் வாசல்ல ஓடி பெரிய சண்டை ஆயிடுச்சுல்ல." தப்பு யார் மேலன்னேன். பதில் இல்லை.

அவன் டிக் போட வேண்டிய இடம் நியாயம். கொஞ்சம் தைரியமும். எந்த குணத்துக்கு டிக் போட உங்களுக்கு கூச்சமா இருக்கோ, பெரும்பாலும் அது தான் சரியான விடை. இது நான் பல நோட்டைப் பார்த்து கண்டுபிடிச்சது, ரோம்காரங்க சொன்னதில்லை.

மறுபக்கமும் உண்டு. ஓவர்டைம் காசு மூணு மாசமா வராத ஒரு தங்கச்சி "ஏத்துக்கிட்டேன் அண்ணா, ஸ்டாயிக்கா இருக்கேன்"னுச்சு. அப்படி இல்லம்மா, உழைச்ச காசைக் கேக்கறதும் நியாயம் தான், போய் எழுதிக் குடுன்னேன். குட்டக் குட்டக் குனியறதுக்கு பேர் ஸ்டாயிக் கிடையாது.

5. ரெண்டு நாளுக்குள்ள ஒரே ஒரு காரியம், "தடை வரலேனா"ன்னு சேர்த்து

வலது பக்கத்துல இருந்து, நீங்க டிக் போட்ட குணத்துக்கு வேலை குடுக்கற ஒரு காரியத்தை எடுங்க. 48 மணி நேரத்துக்குள்ள முடியற சைஸ்ல இருக்கணும். பத்து காரியம் எழுதினா பதினொண்ணாவதா தூக்கம் வரும்.

எழுதறப்ப கடைசியில "தடை ஒண்ணும் வரலேனா"ன்னு சேருங்க. செனகா, கப்பல் ஏறுவேன், நடுவுல ஒண்ணும் ஆகாம இருந்தா, அப்படின்னு தான் நினைக்கணும்பார். நம்ம வீட்டுப் பெரியவங்க "அம்மன் புண்ணியத்துல எல்லாம் கூடி வந்தா"ன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதே தான். இதைச் சேர்க்கலைனா காரியம் நடக்காதப்ப ரெண்டு அடி விழும், நடக்காத அடி ஒண்ணு, நான் தோத்துட்டேன்ங்கற அடி ஒண்ணு.

பையன் எழுதினது: "நாளைக்கு காலையில மளிகைக் கடைக்காரர் கிட்ட தண்ணி விஷயத்துக்கு மன்னிப்பு கேக்கறேன், அவர் பேச விட்டா வாசல்ல சாயந்திரம் பைக் நிறுத்த கேக்கறேன், தடை வரலேனா." போனான். மன்னிப்பை அவர் காதுல வாங்கிக்கிட்டார், வாசலுக்கு முடியாதுன்னுட்டார். திரும்பி வந்து ரொம்ப சோர்ந்து போயிட்டான். நான் நோட்டைக் காட்டினேன், எழுதின காரியம் முடிஞ்சிடுச்சுடா, அவரோட பதில் இடது பக்கம். அன்னைக்கு ராத்திரி அடுத்த காரியம் எழுதினான், பார்சல். தட்டுவடையும் சட்னியும் ஒண்ணா கட்டினா பத்து நிமிஷத்துல நமத்துப் போகும், அதனால தனித்தனியா கட்டி, குழிக்கு இந்தப் பக்கம் நின்னு பைக்ல இருக்கறவங்க கையிலயே குடுக்கறது. நாலாம் நாள் கடைக்காரரே கூப்பிட்டு ஏழு மணிக்கு மேல நிறுத்திக்கோன்னார். அதை நான் உதாரணமா சொல்ல மாட்டேன், அவர் சொல்லாமலே கூட போயிருக்கலாம்.

6. காலையில அஞ்சு நிமிஷம் முன்கூட்டியே பார்க்கறது

இன்னைக்கு என்னென்ன கோணலாப் போகலாம்னு முன்னாடியே நினைச்சுப் பார்க்கறது ஸ்டாயிக் பயிற்சியில ரொம்ப பிரபலம். எபிக்டெட்டஸ், பொதுக் குளியலறைக்கு போறியா, தண்ணி தெளிப்பாங்க, இடிப்பாங்க, திட்டுவாங்க, திருடுவாங்க, இதை முதல்லயே மனசுல ஓட்டிட்டு போம்பார். புது பஸ் ஸ்டாண்டுக்கு தீபாவளிக்கு முந்தின நாள் போறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்லை.

இதை நான் ஆறாவதா வச்சிருக்கறதுக்கு காரணம் இருக்கு. கோடு போட்டுப் பிரிக்கத் தெரியாதவங்க இதை முதல்ல ஆரம்பிச்சா சும்மா கவலைப்படற பழக்கம் தான் வரும். ஏற்காட்டுல நாகலூர் தாண்டி கொஞ்சம் காபித் தோட்டம் வச்சிருக்கற சிநேகிதர் ஒருத்தர் இதை ராத்திரி படுக்கையில செஞ்சார். பறிச்ச பழம் களத்துல காயுது, டிசம்பர்ல ஒரு ராத்திரி மழை பிடிச்சா பூசணம் வந்து மொத்தமும் வீணாப் போகும், அதையே நினைச்சு நினைச்சு ஒரு வாரம் தூங்கலை.

மூணு விதி வச்சோம். காலையில மட்டும். அஞ்சு நிமிஷம் தான், டைமர் வச்சு. ஒவ்வொரு பயமும் "அப்படி ஆனா நான் செய்யறது இது"ன்னு முடியணும். அவர் எழுதினது, "ராத்திரி மழை வந்தா: தார்பாய் களத்து ஓரத்துலயே மடிச்சிருக்கும், நாலு மூலைக்கும் கல்லு தயாரா இருக்கும், தம்பி போனை சைலன்ட்ல போடாம படுப்பான்." அடிவாரத்துல இருந்து மேல ஏறப்போ 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஹாரன் அடிச்சுட்டு தான் திரும்பறோம், எதிர்ல பஸ் வரும்னு பயந்து வண்டியை ஓரங்கட்டிட்டு உக்காந்துக்கறதில்லை.

7. ராத்திரி மூணு கேள்வி

செனகா விளக்கை அணைச்சதும், அவர் பழக்கம் தெரிஞ்சு சம்சாரமும் பேச்சை நிறுத்தினதும், அன்னைக்கு முழுக்க நடந்ததைத் திருப்பிப் பார்ப்பாராம். இன்னைக்கு எந்தக் கெட்ட குணத்தை சரி பண்ணினேன், எதை எதிர்த்து நின்னேன், எதுல கொஞ்சம் தேறினேன். இதை அப்படியே எடுத்துக்கலாம். ஆளுக்கு மூணு வரி.

தன்னைத் தானே திட்டறதுக்கு இதை உபயோகிக்காதீங்க. "இனிமே அப்படி செய்யாத, இந்தத் தடவை மன்னிச்சேன்"னு தான் அவரும் தனக்கே சொல்லிக்கிட்டார். நீதிபதியா உக்காந்தா நாலாம் நாள் நோட்டைத் திறக்கவே பிடிக்காது. விட்டுப்போன நாளுக்கு சேர்த்து எழுதறதும் வேண்டாம், அப்படியே அன்னையில இருந்து தொடருங்க.

8. மத்தவங்க கிட்ட இதைப் போய் சொல்லாதீங்க

பத்து நாள் எழுதினதும் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். அடுத்தவங்க அழுதா "அது உங்க கையில இல்லைங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நானும் ஒரு துக்க வீட்டுல வாயைத் திறந்து, சித்தப்பா என்னை வெளியே கூட்டிட்டு வந்து விட்டார். அழறவங்க கூட உக்காரு, வார்த்தையால ஆறுதல் சொல்லு, தேவைன்னா கூட சேர்ந்து பெருமூச்சு விடுன்னு எபிக்டெட்டஸே சொல்லியிருக்கார், அதைப் படிச்சது எனக்கு அதுக்கப்புறம் தான். ஆடு தின்ன புல்லைக் கொண்டு வந்து மேய்க்கறவன் கிட்ட காட்டாது, பாலும் ரோமமும் தான் குடுக்கும்ங்கறதும் அவர் சொன்னது தான். நோட்டு உங்களுக்கு மட்டும். கேட்டு வந்தா மட்டும் சொல்லுங்க, அதுவும் ரெண்டாவது ஸ்டெப் வரைக்கும் போதும்.

9. எப்ப அடுத்த தடங்கலுக்கு போறது

ஒரு தடங்கலுக்கு குறைஞ்சது ரெண்டு வாரம். வலது பக்கத்துல எழுதினது எல்லாம் செஞ்சு முடிச்சிட்டா, பிரச்சனை தீர்ந்தாலும் தீராட்டியும் அந்தப் பக்கத்தை மூடிட்டு அடுத்ததுக்கு போகலாம்.

பையன் வண்டிக்கு முன்னாடி குழியை மூட அஞ்சு வாரம் ஆச்சு, வியாபாரம் இப்ப 90 ப்ளேட் கிட்ட நிக்குது, பழைய 120 இன்னும் வரலை. போன வாரம் செட்டு சாப்பிட போனப்ப நோட்டு கல்லாப்பெட்டி மேல கிடந்துச்சு, எடுத்துப் பார்த்தேன். "தட்டுவடை சுட்டுக் குடுக்கற அக்கா விழுந்து வலது கை உடைஞ்சிடுச்சு. மாவுக்கட்டு போட்டிருக்காங்க. கையில இருக்கற தட்டுவடை 2 நாளுக்கு வரும்." கீழ கோடு போட்டிருந்தான். வலது பக்கம் முதல் வரி, "அக்காவை போய் பார்க்கறது." ரெண்டாவது வரி, வேற எங்க தட்டுவடை வாங்கறதுன்னு.